ஹாக்கி தேசிய விளையாட்டா? முதல் ஒலிம்பிக் பதக்கம் யாருடையது? - பொது அறிவுத் தேர்வில் மார்க்கைப் பறிக்கும் 20ஆம் நூற்றாண்டுக் கேள்விகள்

ஒலிம்பிக்கில் இந்தியாவுக்குத் தனிநபர் பிரிவில் முதல் பதக்கம் வாங்கிக் கொடுத்தவர் யார்?

1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் மல்யுத்தத்தில் வெண்கலம் வென்ற கே.டி.ஜாதவ் என்று டக்கென்று சொல்லிவிடுவோம். அது சரியா? கேள்வியில் 'சுதந்திர இந்தியாவின்' என்ற சொல் இருந்தால் சரி. அந்தச் சொல் இல்லாவிட்டால், கொல்கத்தாவில் பிறந்த நார்மன் பிரிட்சார்ட் வந்து நிற்பார். 1900 பாரிஸ் ஒலிம்பிக்கில் தடகளத்தில் 2 வெள்ளிப் பதக்கங்கள் வென்றவர் அவர். அவரை பிரிட்டன் கணக்கில் சேர்க்கும் வரலாற்றாசிரியர்களும் உண்டு. ஆனால், சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி அந்தப் பதக்கங்களை இந்தியாவின் பெயரில்தான் வைத்திருக்கிறது.

அதே கேள்வியில் '20ஆம் நூற்றாண்டில்' என்று சேர்த்தால் விடை மறுபடியும் ஜாதவிடமே வந்துவிடும். ஏனென்றால் 20ஆம் நூற்றாண்டு தொடங்கியது 1901 ஜனவரி 1. முடிந்தது 2000 டிசம்பர் 31. கணக்குப்படி 1900 என்பது 19ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டு. அதனால்தான், 2000 சிட்னி ஒலிம்பிக்கில் பளுதூக்குதலில் வெண்கலம் வென்று, ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண்ணான கர்ணம் மல்லேஸ்வரி, 20ஆம் நூற்றாண்டுக்காரர் ஆகிறார்.

ஒரே ஒரு சொல் விடையை மாற்றிவிடுகிறது. போட்டித் தேர்வு எழுதும் பலர் மார்க்கை இழப்பது வரலாறு தெரியாததால் அல்ல, இந்த ஒரு சொல்லைத் தாண்டிப் போய்விடுவதால்தான்.

ஒரு கேள்வி தப்பானால் என்ன ஆகும்?

யுபிஎஸ்சி முதல்நிலைத் தேர்வின் பொது அறிவுத் தாளில் 100 கேள்விகள், மொத்தம் 200 மதிப்பெண். ஒரு கேள்விக்கு 2 மதிப்பெண். தவறான விடைக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 0.66 கழிக்கப்படும். சரியாக எழுதியவருக்கும் தவறாக எழுதியவருக்கும் இடையே ஒரே கேள்வியில் 2.66 மதிப்பெண் வித்தியாசம். எஸ்எஸ்சி சிஜிஎல் முதல் கட்டத் தேர்விலும் கேள்விக்கு 2 மதிப்பெண், தவறுக்கு 0.50 குறைப்பு. கட்-ஆஃப் பக்கத்தில் ஆயிரக்கணக்கானோர் நெருக்கியடித்து நிற்கும்போது இது சின்ன விஷயம் இல்லை.

20ஆம் நூற்றாண்டு இந்தியாவைப் பற்றிய கேள்விகள் பொதுவாக எந்தெந்த இடங்களில் சறுக்க வைக்கும் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

'முதல்' என்றால், யாருக்குள் முதல்?

காங்கிரஸ் கட்சியின் முதல் பெண் தலைவர் அன்னி பெசன்ட். 1917 கொல்கத்தா மாநாட்டுக்குத் தலைமை வகித்தார். முதல் 'இந்தியப்' பெண் தலைவர் சரோஜினி நாயுடு. அது 1925 கான்பூர் மாநாடு. கேள்வித்தாளில் இரண்டு பெயர்களும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். 'இந்திய' என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்தால்தான் தப்பிக்கலாம்.

கவர்னர் ஜெனரல் கேள்வியும் அப்படியே. சுதந்திர இந்தியாவின் முதல் கவர்னர் ஜெனரல் மவுன்ட்பேட்டன். அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர் ராஜாஜி. கடைசி கவர்னர் ஜெனரலும் அவர்தான். 1948 ஜூனில் பொறுப்பேற்றவர், 1950 ஜனவரி 26 அன்று இந்தியா குடியரசாகும் வரை பதவியில் இருந்தார்.

சில நேரம் 'முதல்' ஒருவர் அல்ல, மூன்று பேர். 1954ல் முதன்முதலாக பாரத ரத்னா பெற்றவர்கள் ராஜாஜி, எஸ்.ராதாகிருஷ்ணன், சி.வி.ராமன் ஆகிய மூவர். இவர்களில் ஒருவர் பெயர் மட்டும் விருப்பங்களில் இருந்தால் குழப்பமில்லை. இரண்டு பெயர்கள் இருந்தால், 'மேற்கண்ட அனைவரும்' அல்லது 'இருவரும்' என்ற விருப்பம் இருக்கிறதா என்று கீழே வரை பார்க்க வேண்டும்.

எல்லையை மறந்தாலும் சிக்கல்தான். 1957ல் கேரளாவில் இ.எம்.எஸ். நம்பூதிரிபாட் தலைமையில் அமைந்தது, இந்தியாவில் தேர்தல் மூலம் வந்த முதல் கம்யூனிஸ்ட் அரசு. 'உலகிலேயே முதல்' என்றும் பல கையேடுகளில் எழுதிவிடுகிறார்கள். ஆனால், இத்தாலிக்குள் இருக்கும் குட்டி நாடான சான் மரினோவில் 1945லேயே கம்யூனிஸ்டுகளும் சோஷலிஸ்டுகளும் சேர்ந்து தேர்தலில் வென்று ஆட்சி அமைத்துவிட்டார்கள். 'இந்தியாவில்' என்று கேட்டால் சந்தேகமே இல்லாமல் கேரளா. 'உலகில்' என்று கேட்டால் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும்.

அறிவித்த தேதியா, நடைமுறைக்கு வந்த தேதியா?

அரசு விவகாரம் எதுவும் ஒரே நாளில் நடந்து முடிவதில்லை. பேசப்பட்ட நாள், முடிவெடுத்த நாள், அமலுக்கு வந்த நாள் என மூன்று தேதிகள் இருக்கும். தேர்வில் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

அரசியல் சட்டம்: அரசியல் நிர்ணய சபை ஏற்றுக்கொண்டது 1949 நவம்பர் 26. முழுமையாக அமலுக்கு வந்தது 1950 ஜனவரி 26. குடியுரிமை போன்ற சில பிரிவுகள் மட்டும் நவம்பர் 26லேயே அமலாகிவிட்டன. இரண்டு மாதம் காத்திருந்ததற்குக் காரணம் உண்டு. 1929 லாகூர் மாநாட்டில் முழு சுதந்திரமே இலக்கு என்று காங்கிரஸ் தீர்மானித்து, 1930 ஜனவரி 26ஐ சுதந்திர நாளாகக் கடைப்பிடித்தது. அந்தத் தேதிக்கு மரியாதை செய்யவே குடியரசு நாள் அன்று வைக்கப்பட்டது.

தேசிய கீதம்: 'ஜன கண மன' முதலில் பாடப்பட்டது 1911 டிசம்பர் 27, கொல்கத்தா காங்கிரஸ் மாநாட்டில். தேசிய கீதமானது 1950 ஜனவரி 24. அன்று அரசியல் நிர்ணய சபையில் ராஜேந்திர பிரசாத் வெளியிட்ட அறிக்கையில்தான் 'வந்தே மாதரம்' பாடலுக்கும் சமமான மதிப்பு தரப்படும் என்று சொல்லப்பட்டது.

தலைநகரம்: கொல்கத்தாவிலிருந்து டெல்லிக்குத் தலைநகரம் மாறுவதாக ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் அறிவித்தது 1911 டிசம்பரில். புது டெல்லி நகரம் முறைப்படி திறக்கப்பட்டது 1931 பிப்ரவரியில். நடுவே 19 ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி.

புதுச்சேரி: பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை இந்தியாவிடம் ஒப்படைத்தது 1954 நவம்பர் 1. சட்டப்படி இணைப்பு நிறைவேறியது 1962 ஆகஸ்ட் 16. 'நிர்வாகம் எப்போது கைமாறியது', 'சட்டப்படி எப்போது இணைந்தது' என்று கேள்வி எப்படியும் வரலாம்.

ஆந்திரா: மொழி அடிப்படையில் முதலில் உருவான ஆந்திர மாநிலத்தின் தேதி 1953 அக்டோபர் 1. தெலங்கானா பகுதியும் சேர்ந்து 'ஆந்திரப் பிரதேசம்' ஆனது 1956 நவம்பர் 1. இரண்டும் ஒன்று என்று நினைத்தால் மார்க் போச்சு. இதே போல, இன்றைய தமிழ்நாட்டின் எல்லை பெரும்பாலும் உருவான நாள் 1956 நவம்பர் 1 என்றாலும், 'மெட்ராஸ் ஸ்டேட்' என்ற பெயர் 'தமிழ்நாடு' ஆனது 1969 ஜனவரி 14ல்தான்.

யாரும் அறிவிக்காத 'தேசிய' விஷயங்கள்

தேசிய விளையாட்டு ஹாக்கி என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். ஆனால், எந்த விளையாட்டையும் தேசிய விளையாட்டாக அறிவிக்கவில்லை என்று மத்திய விளையாட்டு அமைச்சகம் 2012ல் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் பதில் கொடுத்துவிட்டது. பிறகு ஏன் எல்லோரும் ஹாக்கி என்கிறார்கள்? 1928 முதல் 1956 வரை நடந்த ஒவ்வொரு ஒலிம்பிக்கிலும் ஆண்கள் ஹாக்கித் தங்கம் இந்தியாவுக்கே வந்தது. அந்தப் புகழ் பாடப்புத்தகத்தில் ஏறி, அறிவிப்பு போலவே ஆகிவிட்டது.

'தேசத் தந்தை' விஷயமும் கிட்டத்தட்ட இதே கதை. 1944ல் சுபாஷ் சந்திர போஸ் தன் வானொலி உரையில் காந்தியை அப்படி அழைத்தார். நாடே ஏற்றுக்கொண்டது. ஆனால், அரசு அதைப் பட்டமாக வழங்கியதில்லை. ராணுவம், கல்வி சார்ந்தவை தவிர வேறு பட்டங்களை அரசு வழங்கக் கூடாது என்று அரசியல் சட்டத்தின் 18ஆவது பிரிவு தடுக்கிறது என்று 2012ல் உள்துறை அமைச்சகம் பதில் அளித்தது. 'தேசத் தந்தை என்று அழைக்கப்படுபவர் யார்' என்றால் காந்தி. 'அரசு எந்த ஆண்டு அந்தப் பட்டத்தை வழங்கியது' என்றால், அப்படி ஓர் ஆண்டே கிடையாது.

மூன்றாவது, மொழி. அரசியல் சட்டத்தின் 343ஆவது பிரிவு இந்தியை ஒன்றியத்தின் 'ஆட்சி மொழி' என்றுதான் சொல்கிறது. 'தேசிய மொழி' என்று எந்த மொழியையும் அரசியல் சட்டம் குறிப்பிடவில்லை. எட்டாவது அட்டவணையில் 1950ல் 14 மொழிகள் இருந்தன. 20ஆம் நூற்றாண்டு முடியும்போது 18. இன்று 22. 'தொடக்கத்தில் எத்தனை', 'இப்போது எத்தனை' என்ற இரண்டு கேள்விக்கும் வேறு வேறு விடை.

சினிமாவில் எது 'முதல்'?

இந்தியாவின் முதல் முழுநீளக் கதைப்படம் தாதாசாகேப் பால்கேயின் 'ராஜா ஹரிச்சந்திரா'. 1913 மே 3 அன்று மும்பையில் வெளியானது. ஆனால், அதற்கு ஓராண்டு முன்பே, 1912 மே மாதத்தில், தாதாசாகேப் தோர்னேயின் 'ஸ்ரீ புண்டலிக்' அதே மும்பையில் திரையிடப்பட்டது. அப்புறம் ஏன் பால்கேவுக்கு முதலிடம்? 'புண்டலிக்' ஒரு மேடை நாடகத்தை அப்படியே படம்பிடித்தது. கேமராவை இயக்கியவரும் இந்தியர் அல்ல. ஃபிலிம் கழுவப்பட்டது லண்டனில். அதனால் பெரும்பாலான வரலாற்று நூல்களும் தேர்வு விடைகளும் பால்கே பக்கமே நிற்கின்றன.

முதல் பேசும் படம் 'ஆலம் ஆரா', 1931 மார்ச் 14. தமிழின் முதல் பேசும் படம் அதே ஆண்டு அக்டோபர் 31ல் வெளியான 'காளிதாஸ்'. ஆனால், அதில் தெலுங்கு வசனமும் இருந்தது. 'தமிழில் மட்டும் பேசிய முதல் படம்' என்று கேட்டால் 'காளிதாஸ்' விடையாகாது.

விடைக்குறிப்பே தப்பாக இருந்தால்?

நீங்கள் சரியாகவே எழுதி, தேர்வு வாரியத்தின் விடைக்குறிப்பு தவறாக இருந்தால் என்ன செய்வது? எஸ்எஸ்சி, டிஎன்பிஎஸ்சி போன்ற அமைப்புகள் முதலில் தற்காலிக விடைக்குறிப்பை வெளியிட்டு, ஆட்சேபம் சொல்ல சில நாள் அவகாசம் தருகின்றன. அந்த நாட்களைத் தவறவிட்டால் பிறகு வழி மிகவும் குறுகிவிடும்.

காரணம், நீதிமன்றங்களின் நிலைப்பாடு. 1983ல் கான்பூர் பல்கலைக்கழகம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான்: விடைக்குறிப்பு தவறு என்று தெளிவாக நிரூபிக்கப்படும் வரை அதைச் சரி என்றே கொள்ள வேண்டும். அந்த வழக்கில் மாணவர்கள் பாடப்புத்தகங்களை ஆதாரமாகக் காட்டியதால் ஜெயித்தார்கள். 2017 டிசம்பரில் உத்தரப் பிரதேச ஆசிரியர் தேர்வு வழக்கில் நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. சந்தேகம் இருந்தால் அதன் பலன் தேர்வு நடத்தும் அமைப்புக்கே போகும், தேர்வருக்கு அல்ல என்று கூறிவிட்டது.

அதாவது 'இப்படியும் பொருள் கொள்ளலாமே' என்ற வாதம் எடுபடாது. 'இது தவறு' என்று காட்டும் ஆதாரம் வேண்டும். கோச்சிங் சென்டர் கையேடும் வாட்ஸ்அப்பில் வந்த பிடிஎஃப்பும் அதற்கு உதவாது. அரசுப் பாடநூல், அரசியல் சட்டப் பிரிவு, அரசிதழ், நாடாளுமன்றப் பதில் ஆகியவற்றின் பக்க எண்ணோடு ஆட்சேபம் அனுப்பினால்தான் எடுபட வாய்ப்பு அதிகம்.

எப்படிப் படிப்பது?

குறிப்பு எடுக்கும்போது பெயரையும் ஆண்டையும் மட்டும் எழுதாதீங்க. நிபந்தனையையும் சேர்த்து எழுதுங்க. 'ஜாதவ் - 1952' என்பது பாதிக் குறிப்பு. 'ஜாதவ் - 1952 - சுதந்திர இந்தியா - தனிநபர்' என்பதுதான் முழுக் குறிப்பு. தேதி இரண்டு இருந்தால் இரண்டையும் ஒரே வரியில் எழுதுங்க. தேர்வு அறையில் கேள்வியைப் படிக்கும்போது 'முதல்', 'இந்திய', 'சுதந்திர', 'அதிகாரப்பூர்வ', 'ஏற்றுக்கொண்ட', 'அமலுக்கு வந்த' போன்ற சொற்களின் கீழ் கோடு போடுங்க.

உங்களுக்கு 5 கேள்விகள்

விடையைப் பார்க்காமல் முயற்சி செய்யுங்கள்.

1. இந்தியக் குடியரசின் குடிமகளாக இருந்தபோது நோபல் பரிசு பெற்ற முதல் நபர் யார்?
2. தேசிய நெருக்கடி நிலை இதுவரை எத்தனை முறை பிறப்பிக்கப்பட்டது?
3. இந்திய ராக்கெட் மூலம் சுற்றுப்பாதையை அடைந்த முதல் செயற்கைக்கோள் எது?
4. மறைவுக்குப் பின் பாரத ரத்னா பெற்ற முதல் நபர் யார்?
5. ஆஸ்கர் விருது வென்ற முதல் இந்தியர் யார்?

விடைகள்

1. அன்னை தெரசா, 1979. தாகூர் (1913), சி.வி.ராமன் (1930) இருவரும் பரிசு பெற்றது பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில். ஹர் கோவிந்த் குரானா 1968ல் பெற்றபோது அமெரிக்கக் குடிமகன்.

2. 3 முறை: 1962, 1971, 1975. எல்லோரும் 'எமர்ஜென்சி' என்று சொல்வது மூன்றாவதை. முதல் இரண்டும் போரை ஒட்டி வந்தவை.

3. ரோகிணி, 1980 ஜூலை, எஸ்எல்வி-3 ராக்கெட். 1975ல் சென்ற ஆரியபட்டா இந்தியாவின் முதல் செயற்கைக்கோள்தான். ஆனால், அதை ஏவியது சோவியத் ராக்கெட்.

4. லால் பகதூர் சாஸ்திரி, 1966.

5. ஆடை வடிவமைப்பாளர் பானு அதையா, 1983, 'காந்தி' படத்துக்காக. சத்யஜித் ராய் 1992ல் பெற்றது கவுரவ ஆஸ்கர்.

மூன்றுக்கு மேல் சரியா? நல்லது. தப்பான கேள்விகளைத் திரும்பப் படியுங்கள். 'குடியரசின்', 'இந்திய ராக்கெட்', 'மறைவுக்குப் பின்' என்று ஒவ்வொன்றிலும் விடையைத் தீர்மானித்த சொல் கேள்விக்குள்ளேயே இருந்திருக்கும்.