செம்பியன் மாதேவியார்

தஞ்சைப் பெருவுடையார் கோயிலையும் அதனை எடுப்பித்த இராசராசனையும் அறியாத தமிழர் இலர். அவ்வேந்தன் முடிசூடுமுன்னரே சோணாடெங்கும் கற்றளிகள் எழுப்பிய பெருமாட்டி ஒருவர் அக்குடியில் வாழ்ந்தார். அவரே செம்பியன் மாதேவியார்.

அம்மையார் மழவரையர் குடியிற் பிறந்து, முதற் பராந்தகனின் மைந்தர் கண்டராதித்தரை மணந்தவர். 949-இல் தக்கோலப் போரில் இளவரசன் இராசாதித்தன் மாண்டபின் சோழ அரசு தளர்ந்திருந்த காலம் அது. கண்டராதித்தர் சிவநெறிச் செல்வர். தில்லைப் பெருமான்மீது அவர் பாடிய திருவிசைப்பா ஒன்பதாம் திருமுறையில் இடம்பெற்றுள்ளது. 957-ஆம் ஆண்டளவில் அவர் மறைந்தபோது மகன் மதுராந்தகன் இளங்குழந்தை. ஆதலின் ஆட்சி, கணவரின் தம்பி அரிஞ்சயன் வழிக்குச் சென்றது.

அரிஞ்சயன் மகன் சுந்தர சோழன் இறந்தபோது அவன் தேவி வானவன் மாதேவி உடன் உயிர்நீத்ததைத் திருக்கோவலூர்க் கல்வெட்டு உரைக்கின்றது. செம்பியன் மாதேவியாரோ உயிர் தாங்கி மகனை வளர்த்தார். அவனே உத்தம சோழனாய் 985 வரை ஆண்டான். பின்னர் இராசராசன் ஆட்சியிலும், 1001-ஆம் ஆண்டளவிலும், அம்மையாரின் அறங்கள் தொடர்ந்தன.

செங்கற் கோயில்கள் பலவற்றை அவர் கருங்கல்லால் புதுப்பித்தார். திருக்கோடிகாவில் அவ்வாறு செய்தபோது, பழைய கற்களில் இருந்த பல்லவர் காலத்துக் கொடைகளையும் புதிய சுவரில் படியெடுத்துப் பொறிக்கச் செய்தார். இவை பழங்கல்லின் படி என்ற குறிப்பும் அங்கே உண்டு. பழம் பதிவேடு நைந்து போகுமுன் புதிய ஏட்டில் பெயர்த்தெழுதுவது எம்போன்ற எழுத்தர்க்கு அன்றாடத் தொழில். ஆனால், முன்னோர் பெயரை நீக்கித் தம் பெயரையே நாட்டிக்கொள்ளும் ஆற்றல் இருந்தும் அதனைச் செய்யாமை பெருந்தகைமை அன்றோ!

கோனேரிராசபுரமாகிய திருநல்லத்தில் கணவர் பெயரால் கற்றளி எடுப்பித்து, அவர் சிவலிங்கத்தை வழிபடும் உருவத்தையும் அமைத்தார். கட்டுவித்த ஆலத்தூருடையான் சாத்தன் குணபத்தன் பெயரும் அங்கே கல்லில் நிற்கின்றது.

பிறர் பெயரைக் காத்தவர் பெயரைக் குடும்பத்தாரும் காத்தனர். அவர் பெயரால் அமைந்த செம்பியன் மாதேவி என்னும் ஊரில், அவர் பிறந்த கேட்டை நாளுக்கு உத்தம சோழனின் தேவியர் நிவந்தம் அளித்தனர். 1019-இல் இராசேந்திரன் அவ்வூர்க் கோயிலில் அவருடைய திருவுருவம் எழுந்தருளச் செய்தான். உரோம நகரத்தாரும் கொர்னேலியா என்னும் பெருமாட்டிக்குச் சிலை எடுத்தனர். அதில் கிராக்கர்களின் தாய் என்று பொறித்தனர். மகனைச் சான்றோனாக்கிய தாயை மறவாமை எந்நாட்டார்க்கும் பொதுவான பண்பு.

அன்பர்களே! சிவாஜிநகரில் வாழும் நமக்கு அண்மையிலேயே தொம்மலூர்ச் சொக்கநாதர் கோயிலில் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. பழந்தமிழர் தம் கொடையைக் கல்லில் விட்டுச் சென்றனர். பிழைப்புத் தேடி இங்கு வந்த நம் பாட்டிமார் பெயர் எங்கே உள்ளது? சம்பளப் பட்டியலிலும் வாடகைச் சீட்டிலும் தாத்தாமார் பெயரே காணப்படும். விறகடுப்பின்முன் வெந்து, பிள்ளைகளுக்குத் தமிழ் ஊட்டிய அன்னையர் பெயர் இரண்டு தலைமுறையில் மறைந்துவிடுகின்றது. விழா முடிந்து இல்லம் திரும்பியதும் பாட்டியாரின் பெயர், பிறந்த ஊர், இங்கு வந்த ஆண்டு ஆகியவற்றைப் பிள்ளைகளைக் கொண்டு ஒரு குறிப்பேட்டில் எழுதி வைப்பீராக. கல்லில்லாதார்க்கு ஏடே கல்வெட்டு.