மேரி ரோஸ் கப்பலின் விற்கள்

எய்பவரின் உயரத்தை எட்டியோ விஞ்சியோ ஒற்றை மரத்துண்டில் செதுக்கப்படும் நெடுவில் 1346-இல் கிரேசிப் போரிலும் 1415-இல் அஜின்கோர்ட் போரிலும் ஆங்கிலேயப் படைக்குப் பெரும் வலிமையாக நின்றது. ஆயினும் அக்காலத்து விற்கள் மிக அரிதாகவே எஞ்சியுள்ளன, ஏனெனில் பயன்பாட்டில் தேய்ந்தும் முறிந்தும் போகும் கருவியைப் பேணிவைக்க எவரும் எண்ணவில்லை. இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றியின் மேரி ரோஸ் என்னும் போர்க்கப்பல் 1545-இல் சோலண்ட் நீரிணையில் மூழ்கியதே ஆய்வாளருக்குப் பெரும்பேறாயிற்று. கடலடிச் சேறு காற்றுப் புகாமல் காத்ததால், 1982-இல் உடற்பகுதி மீட்கப்பட்ட அக்கப்பலிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட முழு விற்களும் ஆயிரக்கணக்கான அம்புகளும் கிடைத்தன.

அவை யூ மரத்தாலானவை. அம்மரத்தின் வெளிறு, அதாவது பட்டையை அடுத்த இளமரம், இழுவிசையைத் தாங்கும்; உள்ளிருக்கும் வைரம் அமுக்கத்தைத் தாங்கும்; இவ்விரண்டும் ஒட்டிய இடத்தில் கட்டையைப் பிளந்து, வெளிறு இலக்கை நோக்கியும் வைரம் எய்பவரை நோக்கியும் அமையச் செதுக்கியதில்தான் வில்வினைஞரின் உண்மையான அறிவு வெளிப்படுகிறது. உள்நாட்டு மரம் போதாமையால், இங்கிலாந்துக்குச் சரக்கு கொணரும் கப்பல்கள் ஒவ்வொரு டன்னுக்கும் 4 வில்கட்டைகள் தரவேண்டும் என 1472-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது.

மீட்கப்பட்ட விற்களை அளந்து செய்த படிகளை நாணேற்றி இழுக்கப் பெரும்பாலும் 100 முதல் 185 பவுண்டு வரை விசை தேவைப்பட்டது; இளமை முதல் பழகாதவர் எளிதில் வளைக்கக்கூடியதன்று அது. 1781-இல் ஆஷ்டன் லீவர் லண்டனில் நிறுவிய வில்லாளர் சங்கம் வளர்த்த பொழுதுபோக்கு வில்வித்தை இதனினும் மிக மெல்லிய விற்களையே கையாண்டமையால், போர்வில்லின் உண்மை ஆற்றலை இக்கப்பல் விற்களே முதன்முதலில் தெளிவாகப் புலப்படுத்தின.