மலையேறும் ஜீப்பும் ஒரு இரும்பு மூடியும்

தேனி மாவட்டத்தில் போடி, கம்பம், கூடலூர் பக்கம் விடியற்காலையில் ஜீப் சத்தம் கேட்காத நாள் குறைவு. இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போகிறவர்கள் மலையேறுவது இந்த ஜீப்புகளில்தான். போடிமெட்டுப் பாதையில் மட்டும் 17 கொண்டை ஊசி வளைவுகள்!

இந்த வண்டி பிறந்ததோ போருக்காக. 1941இல் அமெரிக்க ராணுவத்துக்காக வில்லிஸ் நிறுவனம் இதைப் பெருமளவில் தயாரிக்கத் தொடங்கியது. பின்னர் மகிந்திரா நிறுவனம் பாகங்களை இறக்குமதி செய்து இந்தியாவிலேயே பூட்டியது. போர் வண்டி இங்கே ஏலக்காய் வண்டியானது.

வளைவில் வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும். அந்த வித்தியாசத்தைச் சமாளிப்பது ஆக்சிலில் உள்ள டிஃபரன்ஷியல். வண்டிக்கு அடியில் தாழ்வாகத் தொங்குவதும் அதுதான். அதன் பல்சக்கரங்களை மூடியிருப்பது ஒரு தகட்டு மூடி. பாறை இடித்து மூடி நெளிந்தால் கியர் ஆயில் கசியும். ஆயில் வற்றினால் கிரவுனும் பினியனும் தேய்ந்து உடையும். அதனால்தான் கரடுமுரடான பாதையில் ஓட்டுபவர்கள் சிலர் கனமான வார்ப்பு மூடியை வாங்கி மாட்டுகிறார்கள். பழைய ஆயிலை வடித்து, ஒட்டியிருக்கும் பேக்கிங்கைச் சுரண்டி, புதுப் பேக்கிங் வைத்து, போல்ட்டுகளை எதிரெதிராக முறுக்கி, மறக்காமல் புது ஆயில் ஊற்ற வேண்டும். அவ்வளவுதான் வேலை.

ஆனால் எந்த மூடியும் அதிக பாரத்துக்கு மருந்தல்ல. அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய ஜீப்புகள் இந்த மலைச்சாலைகளில் கவிழ்ந்து உயிர்கள் போயிருக்கின்றன. இரும்பைக் காப்பாற்றினால் போதாது; உள்ளே எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதையும் எண்ண வேண்டும்.