சாவான பாவமும் அற்பப் பாவமும்: திருகோணமலைப் பகுதியை முன்வைத்து ஒரு நோக்கு

கந்தளாய்க் குளத்து நீர் பாயும் தம்பலகாமத்து வயல்வெளிகளின் நடுவே ஆதிகோணேசர் ஆலயம் அமைந்துள்ளது. 1620களில் போர்த்துக்கேயர் திருகோணமலைக் குன்றின் மீதிருந்த கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டு கோட்டை கட்டினர். குன்றில் அற்றுப்போன வழிபாட்டு மரபு தம்பலகாமத்தில் தொடர்ந்தது என்பது இப்பகுதி மக்களின் உறுதியான நம்பிக்கையாகும். சைவ மரபு இத்துணை ஆழமாக வேரூன்றிய ஓர் ஊரிலிருந்து கிறித்தவ சமயத்தின் பாவக் கோட்பாட்டை நோக்கப் புகுவது பொருத்தமற்றதாகச் சிலருக்குத் தோன்றலாம். ஆயின் கோயிலை இடித்தவர்களே பாவசங்கீர்த்தனம் என்னும் சடங்கையும் உடன் கொண்டுவந்தனர். பாவங்களைத் தரம் பிரித்து, எண்ணிக் கூறி, மன்னிப்புப் பெறும் ஒழுங்கு அது. அவ்வொழுங்கின் அடிப்படையாய் அமைந்த சாவான பாவம், அற்பப் பாவம் என்னும் பாகுபாடு தமிழில் எவ்வாறு காலூன்றியது என்பதையே ஈண்டு நாம் ஆராய முற்படுகின்றோம்.

இப்பாகுபாட்டின் வேர் புதிய ஏற்பாட்டிலேயே உளது. யோவானின் முதலாம் நிருபத்தின் ஐந்தாம் அதிகாரம் சாவுக்கு இட்டுச்செல்லும் பாவத்தையும் அவ்வாறல்லாத பாவத்தையும் வேறுபடுத்திப் பேசுகின்றது. இதனை ஒரு தத்துவமாக வகுத்தவர் பதின்மூன்றாம் நூற்றாண்டினரான தோமாஸ் அக்குயினாஸ் ஆவார். அவர் கருத்தின்படி, ஆன்மாவுக்கு உயிராய் இருப்பது இறையன்பு. அவ்வன்பை அடியோடு அறுப்பது சாவான பாவம். அதனை நலிவுறச் செய்து, ஆனால் அறுக்காமல் விடுவது அற்பப் பாவம். முன்னது மரணம் போன்றது. பின்னது நோய் போன்றது. நோயுற்ற உடல் தன்னுள் இருக்கும் உயிராற்றலாலேயே தேறக்கூடும். இறந்த உடலோ தானாக எழுவதில்லை. ஆகவேதான் இவ்விரண்டும் அளவால் மட்டும் வேறுபட்டவை அல்ல, இயல்பாலேயே வேறுபட்டவை என்று அவர் கொண்டார். ஆயிரம் அற்பப் பாவங்களைக் கூட்டினாலும் அவை ஒரு சாவான பாவம் ஆகா. எனினும் அவை அதற்கு வழி திறந்துவிடும்.

ஒரு பாவம் சாவான பாவம் ஆவதற்கு மூன்று நிபந்தனைகள் கூறப்பட்டன. செயல் கனதியானதாக இருத்தல் வேண்டும். செய்பவன் அதன் கனதியை முழுமையாக அறிந்திருத்தல் வேண்டும். அறிந்தே மனமார இசைதல் வேண்டும். இவற்றுள் ஒன்று குறையினும் பாவம் அற்பப் பாவமாகும், அன்றிப் பாவமே ஆகாது போதலுங் கூடும். தம்பலகாமத்துக் களத்துமேட்டை நினைந்து இதனை விளக்கலாம். பல அவணம் நெல் விளைந்த செல்வனின் களத்தில் ஒருவன் ஒரு பிடி நெல்லை மடியில் முடிந்து செல்கின்றான். அஃது அற்பப் பாவம். அதே களத்தில் நாள் முழுதும் சூடு மிதித்த கூலியாளின் மரைக்கால் நெல்லை வேறொருவன் அபகரிக்கின்றான். அளவு சிறிதாயினும் ஓர் ஏழையின் அன்றைய உணவு அது. களவின் கனதியை இழந்தவனின் நிலை கொண்டே அளத்தல் வேண்டும் எனவும், ஒருவனின் ஒரு நாள் வாழ்வுக்கான கூலியைக் கவர்வது கனதியான செயல் எனவும் கத்தோலிக்க ஒழுக்கவியல் ஆசிரியர்கள் கூறினர். இங்கு நெல் அன்று, மனிதனே அளவுகோலாகின்றான்.

1215ஆம் ஆண்டின் நான்காம் இலாத்தரன் சங்கம் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் பாவசங்கீர்த்தனம் செய்தல் வேண்டும் என விதித்தது. 1551இல் திரெந்து சங்கம், சாவான பாவங்கள் அனைத்தையும் வகையும் எண்ணிக்கையும் குறித்துக் குருவிடம் அறிக்கையிடல் வேண்டும் என்றும், அற்பப் பாவங்களைக் கூறாது விடுதல் குற்றமாகாது என்றும் தீர்த்துரைத்தது. இதன்பின் அப்பாகுபாடு வித்துவான்களின் வாதமாக மட்டும் நில்லாது, எழுத்தறியாத மீனவனும் அறிந்திருக்க வேண்டிய ஒன்றாயிற்று. தமிழ் அச்சுக்கலையின் தொடக்க வரலாறே இதற்குச் சான்று பகரும். முத்துக்குளித்துறையில் பணியாற்றிய அன்றீக் அடிகளார் 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்க’த்தையும், 1579இல் கொச்சியில் ‘கிரிசித்தியாணி வணக்க’த்தையும் அச்சேற்றினார். அடுத்து 1580இல் வெளிவந்த ‘கொம்பெசியொனாயரு’ பாவசங்கீர்த்தனத்துக்கு வழிகாட்டும் நூலாகும். தமிழில் அச்சேறிய முதல் நூல்களுள் ஒன்று பாவங்களை ஆராயும் கைந்நூலாய் அமைந்தமை பற்றி நம் இலக்கிய வரலாற்றாசிரியர்கள் போதிய கவனம் செலுத்தினர் என்று கூறுவதற்கில்லை.

தமிழ் மக்கள் பாவங்களைத் தரம் பிரித்தறியாதவர்கள் அல்லர். பெரும்பாதகம், உபபாதகம் என்னும் வகுப்பு தர்ம சாத்திரங்கள் வழியாக இங்கு நன்கு அறியப்பட்டிருந்தது. அறக்கட்டளைக்குத் தீங்கு செய்வோன் கங்கைக் கரையிற் காராம்பசுவைக் கொன்ற பாவத்தை அடைவான் என்னும் ஓம்படைக் கிளவி கல்வெட்டுகளிற் பரவலாகக் காணப்படுவது. எனினும் இரு முறைகளையும் ஒன்றெனக் கருதுவது தவறாகும். பாதக வகுப்பு பெரும்பாலும் செயலின் கொடுமையையும், யாருக்கு எதிராகச் செய்யப்பட்டது என்பதையும் கொண்டு அமைந்தது. கத்தோலிக்கப் பாகுபாடோ செயலோடு அறிவையும் இசைவையும் சேர்த்து நிறுத்தது. மனு நூலும் அறிந்து செய்த பாவத்துக்கும் அறியாது செய்த பாவத்துக்கும் வெவ்வேறு கழுவாய் கூறுகின்றது என்பதை நாம் மறத்தலாகாது. ஆயின் அங்கு அறியாமை கழுவாயைக் குறைக்கும், பாவத்தின் இயல்பையே மாற்றிவிடுவதில்லை.

இவ்வேறுபாட்டை ‘சாவான’ என்னும் சொல் நன்கு காத்தது. ‘பெரும்பாவம்’ என்று மொழிபெயர்த்திருந்தால் அளவு பற்றிய எண்ணமே மேலோங்கியிருக்கும். ‘அற்ப’ என்னும் அடைமொழியே நமக்கு அத்துணை நிறைவளிப்பதாக இல்லை. எளிதில் மன்னிக்கத்தக்கது என்னும் மூலப்பொருள் மறைந்து, பொருட்படுத்த வேண்டாதது என்னும் பொருளே செவியில் விழுகின்றது. வேறொரு மயக்கமும் உண்டு. தலையான பாவங்கள் ஏழு என்று சிறுவர் மனனஞ் செய்வர். அகங்காரம், கோபம், சோம்பல் முதலாய அவ்வேழும் பிற பாவங்களுக்கு ஊற்றாதல் பற்றித் தலையானவை எனப்பட்டனவேயன்றி, அவை ஒவ்வொன்றும் எப்போதும் சாவான பாவம் என்பது பொருளன்று.

இப்பாகுபாடு மிகுந்த வேதனைக்குரியதாய் மாறிய காலம் ஒன்று ஈழத்தில் இருந்தது. திருகோணமலைக் கோட்டை 1639இல் ஒல்லாந்தர் கைப்பட்டது. 1658இல் யாழ்ப்பாணமும் வீழ்ந்தது. கத்தோலிக்கக் குருமார் வெளியேற்றப்பட்டனர். அவர்களுக்கு அடைக்கலம் அளிப்பது மரண தண்டனைக்குரிய குற்றமாயிற்று. 1687இல் கோவையைச் சேர்ந்த, அஃதாவது கொங்கணக் கரைக் கோவாவைச் சேர்ந்த, யோசேப் வாஸ் அடிகளார் ஏழைக் கூலியாளின் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்து சேரும் வரை, ஏறத்தாழ 29 ஆண்டுகள் இத்தீவில் ஒழுங்கான குருத்துவப் பணி இருக்கவில்லை. அற்பப் பாவம் செபத்தாலும் தருமத்தாலும் நீங்கும். சாவான பாவமோ குருவிடம் அறிக்கையிடப்படல் வேண்டும். குருவே இல்லாத கரையில், இளமையிற் செய்த ஒரு பாவத்தோடு முதுமையெய்திய ஒருவனின் நிலை யாது? இதற்கும் திரெந்து சங்கத்தில் விடை இருந்தது. தண்டனைக்கு அஞ்சியன்றி இறையன்பு காரணமாகவே வருந்துதல் உத்தம மனஸ்தாபம் எனப்படும். வாய்ப்பு நேர்ந்தால் அறிக்கையிடுவேன் என்னும் விருப்பத்தோடு கூடிய அவ்வருத்தம் குருவின்றியும் ஆன்மாவை இறைவனோடு ஒப்புரவாக்கும். ஆனால் தன் வருத்தம் உத்தமமானதா, அச்சத்தால் விளைந்ததா என்பதைத் தன் நெஞ்சில் எவர்தாம் துணிந்து கூற வல்லார்? குரு சொல்லும் மன்னிப்பு மொழி அவ்வையத்திலிருந்து அளிக்கும் விடுதலையை நாம் குறைவாக மதிப்பிடலாகாது. உயிராபத்தினைப் பொருட்படுத்தாது வாஸ் அடிகளாரை மக்கள் இரவில் நாடிச் சென்றமைக்கு இதுவும் ஒரு காரணம் எனக் கருத இடமுண்டு.

ஒல்லாந்தரின் சீர்திருத்த சமயம் இச்சிக்கலை வேறு வழியில் அறுத்தது. கல்வீனின் போதனைப்படி, தன்னியல்பில் எல்லாப் பாவமும் மரணத்துக்குரியதே. விசுவாசிகளின் பாவம் இறைவனின் இரக்கத்தால் மாத்திரமே மன்னிக்கத்தக்கதாகின்றது. ஆதலின் தரம்பிரித்து எண்ணிக் கூறுவதற்கு அங்கு தேவை இருக்கவில்லை. பகலில் ஒல்லாந்தப் பள்ளியில் ஒரு போதனையும், இரவில் வீட்டு மூலையில் பிறிதொன்றும் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் ஒரே சொல்லுக்கு இரு பொருள் கொண்டிருத்தல் கூடும்.

ஆங்கிலேயர் 1806இல் கத்தோலிக்கருக்கு எதிரான சட்டங்களை நீக்கினர். 1893இல் திருகோணமலை தனி மறைமாவட்டமாயிற்று. பின்வந்த காலம் பற்றி விரிப்பின் பெருகும். இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் பின்னர், 1973இல் பாவசங்கீர்த்தனச் சடங்குமுறை புதுப்பிக்கப்பட்டு, ஒப்புரவு என்னும் பெயர் தமிழில் வழக்கூன்றியது. சாவான பாவத்துக்கும் அற்பப் பாவத்துக்கும் இடையே ‘கனதியான பாவம்’ என மூன்றாம் வகை ஒன்றினைச் சில இறையியலாளர் முன்வைத்தனர். 1984இல் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் பாப்பரசர் அதனை ஏற்க மறுத்து, பழைய இருவகைப் பாகுபாட்டையே உறுதிசெய்தார். வாழ்வுக்கும் சாவுக்கும் இடைநிலை இல்லை என்பது அவரது நியாயம்.

இறுதியாக மீண்டும் கோணேசர் குன்றுக்கே வருதல் வேண்டும். கோயிலை இடிப்பித்த போர்த்துக்கேயத் தளபதி அச்செயலைத் தன் பாவங்களுள் ஒன்றாகக் குருவிடம் கூறியிருப்பானா? கூறியிருப்பான் என எதிர்பார்ப்பதற்கில்லை. அவனுடைய மனச்சாட்சியில் அது புண்ணியமாகவே பதிந்திருக்கும். ‘கோணேசர் கல்வெட்டு’ வகுத்த ஒழுங்கின்படி திருப்பணி புரிந்து வந்தோர்க்கோ அது மன்னிப்பில்லாத சிவத்துரோகம். முழு அறிவு என்னும் நிபந்தனையை நேர்மையோடு பொருத்தினால், அறியாமை காரணமாக அவனுக்குச் சலுகை அளிக்க நேரும். எனினும் அறிந்துகொள்ள மறுத்த அறியாமை பாவத்தை நீக்காது என்றும் அதே ஒழுக்கவியல் கூறும். குன்றின்மேல் நாள்தோறும் மணியோசை கேட்டும், அங்கு வழிபட்டோரின் முகங்களைக் கண்டும் அவன் அறியாதிருந்தானா, அறிய மறுத்தானா என்பதை அவனுடைய சபையின் அளவுகோலைக் கொண்டே நாம் கேட்கின்றோம்.