பாராமகாலில் ஒரு குருகுலம்

1792-ஆம் ஆண்டு மார்ச் மாதத்து ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தான் தமது ராஜ்யத்தில் ஏறக்குறையப் பாதியை விட்டுக்கொடுக்க நேர்ந்தபோது, கிழக்கிந்தியக் கும்பினியாரின் பங்குக்கு மலபாரும் திண்டுக்கல்லும் சேலமும் பாராமகாலும் வந்து சேர்ந்தன. பாராமகால் என்பது இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரி, திருப்பத்தூர்ப் பக்கங்களைத் தழுவிய, குன்றுகளும் கோட்டைகளும் மலிந்த, பெரும்பாலும் வானம் பார்த்துக் கேழ்வரகும் சாமையும் விளைவித்த பிரதேசம். பூமி கைக்கு வந்துவிட்டது. ஆனால் அதன் பெறுமானம் என்ன, அதை உழுகிறவன் எவ்வளவு தீர்வை தாங்குவான் என்று சொல்லத்தக்க ஆள் அகப்படவில்லை. சென்னையில் சிவில் உத்தியோகஸ்தர்களுக்குப் பஞ்சமில்லை என்றாலும், அவர்களிற் பெரும்பாலோருக்குத் தேசபாஷை தெரியாது. துபாஷி சொன்னதே கணக்கு, துபாஷி காட்டியதே கிராமம். ஆகவே கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் பிரபு அவர்களை ஒதுக்கிவிட்டுப் பட்டாளத்திலிருந்து நால்வரைப் பொறுக்கி எடுத்தார். தலைவர் காப்டன் அலெக்ஸாண்டர் ரீட். அவருக்கு உதவியாளர்களாக மக்லியோட் சேலத்திலும், கிரகாம் கிருஷ்ணகிரியிலும், தாமஸ் மன்றோ தருமபுரியிலும் அமர்ந்தனர். வாளும் துப்பாக்கியும் பிடித்தவர்களை வயலை மதிப்பிட அனுப்புவதா என்று சிவிலியன்கள் முகம் சுளித்தார்கள். சுளித்தவர்களின் பெயர்களை இன்று யாரும் நினைப்பதில்லை.

மன்றோவுக்குத் தொழில் மாறுவது புதிதன்று. அவர் கிளாஸ்கோ நகரத்தில் 1761-இல் பிறந்தார். தந்தை அமெரிக்காவிலுள்ள வர்ஜீனியாவோடு வியாபாரம் செய்தவர். மகனும் வர்த்தகத்துக்கென்றே பழக்கப்பட்டு ஒரு கம்பெனியின் கணக்கறையில் உட்கார்ந்தார். அமெரிக்கச் சுதந்தர யுத்தம் மூண்டு தந்தையின் வியாபாரம் நொடித்துப்போகவே, கணக்கறையை விட்டுக் காலாட்படைக் கேடட்டாகக் கப்பலேறி 1780 ஜனவரியில் சென்னையில் இறங்கினார். பன்னிரண்டு வருஷம் ஹைதரோடும் திப்புவோடும் நடந்த யுத்தங்களிலும் அவற்றுக்கு இடைப்பட்ட பட்டாள வாழ்க்கையிலும் கழிந்தது. சம்பளம் சொற்பம், வந்த புதிதில் தலையணைக்குப் பதிலாகப் புஸ்தகத்தையும் தோட்டாப் பையையும் வைத்துப் படுத்ததைப் பிற்பாடு வீட்டாருக்கு வேடிக்கையாக எழுதியிருக்கிறார். இடையே பாரசீகம் படித்தார். ஷைலாக்கின் கதையை ஒத்த ஒரு பாரசீகக் கதையை அவர் மொழிபெயர்த்து அனுப்பியது ஷேக்ஸ்பியர் பதிப்பொன்றில்கூட இடம்பெற்றது. ஆனால் நிலத்தைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்? முப்பத்தொரு வயதில், உழவும் வரப்பும் அறியாத ஒரு லெப்டினன்டாகத்தான் அவர் பாராமகாலுக்குள் நுழைந்தார்.

அவருக்கு வாய்த்த குரு ரீட். இருவருக்கும் பரிச்சயம் 1788-லேயே ஏற்பட்டிருந்தது. எதிரியின் நாட்டு வர்த்தமானங்களைத் திரட்டும் இலாகாவில் மன்றோ அவருக்கு உதவியாளராக இருந்தார். ஒற்றர் வேலைக்கும் நில மதிப்புக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். பலரிடம் ஒரே கேள்வியைக் கேட்டு, அவர்கள் சொல்வதில் எது பயத்தால் வந்தது, எது ஆசையால் வந்தது, எது உண்மை என்று பிரித்தெடுக்கும் அப்பியாசம் இரண்டுக்கும் பொதுவானது. ரீட் சுதேச பாஷைகளில் தேர்ந்தவர், கை சுத்தமானவர். அக்காலத்து வருவாய் உத்தியோகத்தில் சம்பளத்துக்கு மேற்பட்ட வரும்படி என்பது பாவமாகவே கருதப்படாதிருந்தபோது, அதைத் தொடாமல் நின்ற அவருடைய நேர்மையை மன்றோ தமது கடிதங்களில் வியந்து எழுதுகிறார். தொழிலின் நுட்பங்களை எவரிடமும் கற்கலாம். எந்தப் பணத்தைத் தொடலாகாது என்பதை, தொடாதவர் ஒருவரின் பக்கத்தில் இருந்தாலொழியக் கற்க முடியாது என்பது என் அபிப்பிராயம்.

ஆனால் ரீட் ஒருவரே குரு என்று சொன்னால் ஊர்க் கர்ணங்களுக்கும் மணியக்காரர்களுக்கும் துரோகம் செய்தவர்களாவோம். நிலத்தை அளப்பதும் தரம் பிரிப்பதும் கும்பினியார் கொண்டுவந்த வித்தை அல்ல. சோழர் கல்வெட்டுகளே தரமிட்ட நிலத்தையும் தரமிலி நிலத்தையும் பேசுகின்றன. பாராமகாலின் கிராமவாசி தன் காட்டின் விஸ்தீரணத்தை, எத்தனை வள்ளம் விதைக்கலாம் என்று விதையைக் கொண்டே சொல்வான். அது பரப்பை மட்டுமல்லாமல் மண்ணின் சத்தையும் சேர்த்தே குறிக்கும் அளவு. கரிசலா செவ்வலா, கிணற்றில் கோடையில் ஊற்று நிற்குமா, ஏரிக் கடைமடைக்கு எத்தனாவது நாள் தண்ணீர் எட்டும், சந்தைக்கு வண்டி போகுமா பொதிமாடுதானா—இவற்றையெல்லாம் கேட்டு, கண்ணால் கண்டு, சங்கிலி பிடித்து அளந்து, வயல் வயலாகத் தீர்வை போடுவதில் ரீடும் உதவியாளர்களும் ஐந்தாறு வருஷங்களைச் செலவிட்டனர். அந்த வேலையில் குவிந்த குறிப்புகளையும் கடிதங்களையும் சென்னை ராஜாங்கத்தார் 1907 முதல் ‘பாராமகால் ரிக்கார்டுகள்’ என்று பகுதி பகுதியாக அச்சிட்டனர். சாதி வழக்கம், பயிர், சுங்கம், கூலி என்று அவற்றில் இல்லாத சங்கதி குறைவு.

அந்த நாட்களின் அன்றாடத்தை மன்றோ வீட்டுக்கு எழுதிய ஒரு கடிதத்தில் கண்முன் காணலாம். கூடாரத்தோடு ஊர் ஊராகத் திரிகிறார். தமக்கென்று ஒரு நாழிகை கிடையாது. எழுதிக்கொண்டிருக்கும்போதே சுற்றிலும் பத்துப் பன்னிரண்டு பேர் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஒருவன் தகப்பன் காலத்து முப்பது வருஷக் கடனைப் பிரஸ்தாபிக்கிறான். இன்னொருவன், சண்டைக் காலத்தில் தான் ஊரில் இல்லாத சமயம் பார்த்து உடன்பிறந்தவன் சொத்தை அபகரித்துவிட்டான் என்கிறான். மூன்றாமவன் பெண்சாதியை இழந்தவன். நல்ல எருதைவிட அதிகமாக உழைத்த அவள் போய்விட்டதால் வழக்கமான வரியை இனிக் கட்ட முடியாது என்று முறையிடுகிறான். சிரிப்பூட்டுவதுபோல் தொனித்தாலும், இம்மூன்றாமவன் சொன்னதில் பெரிய பொருளாதார உண்மை அடங்கியிருக்கிறது: நிலத்தின் மதிப்பு மண்ணில் மட்டும் இல்லை, அதில் உழைக்கும் கைகளிலும் இருக்கிறது. அளவுச் சங்கிலியால் இது தெரியவராது.

ஆரம்பத்தில் ரீட் ஐந்து வருஷக் குத்தகை முறையையே அனுசரித்தார். அது குடிகளுக்கு ஒத்துவரவில்லை என்று கண்டபின், 1796-இல் வெளியிட்ட விளம்பரத்தின் மூலம், சர்வே தீர்வையைக் கட்டிவரும் வரை குடியானவன் தான் விரும்பிய நிலத்தை வைத்துக்கொள்ளலாம், வேண்டாததை வருஷந்தோறும் விட்டுவிடலாம் என்று அனுமதித்தார். இதுவே பின்னால் ரயத்துவாரி என்று பெயர் பெற்ற முறையின் விதை. உலகம் அதை மன்றோ முறை என்கிறது; முதலில் விதைத்தவர் ரீட்.

ரீடின் பெருமை அத்தோடு முடியவில்லை. அவர் தம் உதவியாளர்களிடம் அபிப்பிராயம் கேட்டார். கேட்டதோடு நில்லாமல் மாறுபட்ட அபிப்பிராயத்துக்குச் செவியும் கொடுத்தார். தீர்வை விகிதம் அதிகம், இன்னும் இறக்கினாலொழிய நிலத்துக்கு விலைமதிப்பே உண்டாகாது என்று சிஷ்யரான மன்றோ தலைவருக்கே எழுதினார். சிஷ்யர் சொன்னதே சரி என்று காலம் காட்டியது. 1799-க்குப் பிறகு ரீடும் மன்றோவும் பாராமகாலை விட்டு அகன்றதும், வங்காளத்து மாதிரியைப் பின்பற்றி அந்தச் சீமையை மிட்டாக்கள் என்னும் ஜமீன்களாக அறுத்து ஏலம் போட்டார்கள். பாரமான தீர்வையை அடிப்படையாக வைத்து எடுத்த மிட்டாதாரர்களிற் பலர் முழுகிப்போனார்கள். மிட்டாக்கள் திரும்பவும் ராஜாங்கத்தின் கைக்கே வந்தன.

பின்பு கன்னடச் சீமையிலும், 1800 முதல் 1807 வரை கும்பினியாருக்கு விட்டுக்கொடுக்கப்பட்டதால் தத்த ஜில்லாக்கள் எனப்பட்ட பல்லாரி, கடப்பை முதலியவற்றிலும் மன்றோ தாமே குருவானார். அங்கே 1802 ஜூனில் சர்வே தொடங்கியபோது நிலமளக்கத் தெரிந்த குமாஸ்தாக்கள் நால்வரே இருந்தனர். முப்பத்துமூன்றடிச் சங்கிலியோடு அவர்கள் புறப்பட்டு, கூட இருந்தவர்களைப் பழக்கிப் பழக்கிக் கூட்டத்தைப் பெருக்கினார்கள். அளப்பவர் பின்னால் மதிப்பவர் சென்று, ஊர்ப் பெரியவர்களையும் கர்ணத்தையும் பயிரிடுகிறவர்களையும் வயலில் கூட்டி வைத்துக்கொண்டு தரம் பிரித்தார். இவ்வளவு செய்து முடித்தபின் 1807-இல் மன்றோ சிபாரிசு செய்தது, போட்ட தீர்வையில் நூற்றுக்கு இருபத்தைந்தைக் குறைக்க வேண்டும் என்பது. மேலிடத்தார் அப்போது இணங்கவில்லை. 1820-இல் அவரே சென்னைக் கவர்னராக வந்த பிறகுதான் அந்தக் குறைப்பு அமலுக்கு வந்தது.

மன்றோ இப்படிக் குருவின் கீழ் கற்ற தொழிலுக்கு இன்று வழி வேறு. இந்தியாவில் நிலமும் கட்டடமும் மதிப்பிடும் பதிவு பெற்ற மதிப்பீட்டாளராக விரும்புகிறவர், 2017-ஆம் வருஷத்து விதிகளின்படி, உரிய பட்டமும் அனுபவமும் பெற்று, ஐம்பது மணி நேரப் பாடம் கேட்டு, பரீட்சை தேற வேண்டும். வேறு உத்தியோகத்தைத் துறந்து இத்துறைக்கு வருகிற பொறியாளர்கள் இப்படித்தான் வருகிறார்கள். அமெரிக்காவில் புதிதாக வருகிறவர் பெரும்பாலும் பயிற்சியாளராகப் பதிந்து, மூத்தவர் ஒருவரின் மேற்பார்வையில் ஆயிரம் மணி நேரத்துக்குக் குறையாமல் வேலை செய்தாக வேண்டும். நம் விதிகளில் மூத்தவர் ஒருவரோடு இவ்வளவு காலம் கூடவே திரிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. வழிகாட்டி மதிப்பு கணினியில் கிடைக்கிறது, வங்கிக்காரர் அவசரப்படுத்துகிறார், எல்லைக் கல்லைக்கூடப் பாராமல் எழுதிய அறிக்கைகளும் உண்டு. இரண்டு வருஷமாவது அனுபவசாலி ஒருவரின் கீழ் வயலையும் மனையையும் மிதித்துப் பழகிய பின்னரே முத்திரை கையில் கொடுக்கப்படும் என்று அவ்விதிகளில் ஒரு வரி சேர்த்தல் வேண்டும்.