புகையைப் பிடிக்க வந்த குறியீடு

போன வருஷம் சித்திரை வெயிலில் என் பழைய கார் சிக்னலில் பொசுக்கென்று அணைந்துபோனது. பத்து நிமிஷம் சூடு ஆறியதும் ஒன்றும் நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆனது. மெக்கானிக் ஸ்கேனரைச் சொருகிப் பார்த்துவிட்டு, "பி0335 சார். கிராங்க் சென்சார் போயிடுச்சு" என்றார். புதுசு மாட்டினோம். மூன்றாம் நாள் மேம்பாலத்தில் மறுபடி நின்றது. எஞ்சின் அணைந்தால் பவர் ஸ்டியரிங் உதவி போய்விடும்; இரண்டு மூன்று தடவை மிதித்ததும் பிரேக்கும் கல்லாகிவிடும். பின்னால் லாரி. எப்படியோ ஓரம் கட்டினேன்.

குறியீடு பொய் சொன்னதா? இந்தக் கேள்வியோடுதான் அதன் வரலாற்றைத் தேடிப் போனேன். தொடங்கிய இடம் எஞ்சின் அல்ல, புகை.

1943 ஜூலையில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தைக் கண் எரியும் புகைமூட்டம் மூடியது. உலகப் போர்க் காலம். ஜப்பான்காரன் விஷவாயு வீசிவிட்டான் என்றே சிலர் பயந்தார்கள். அன்னாசிப்பழத்தின் மணத்தை ஆராய்ந்துகொண்டிருந்த ஆரி ஹாகன்-ஸ்மிட் என்ற வேதியியலாளர்தான், வண்டிகளும் ஆலைகளும் வெளிவிடும் ஹைட்ரோகார்பன்களும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயிலில் வினைபுரிந்து இந்த மூட்டத்தை உண்டாக்குகின்றன என்று 1950-களின் தொடக்கத்தில் காட்டினார்.

1970-இல் அமெரிக்காவின் தூய காற்றுச் சட்டம் கடுமையாக்கப்பட்டது. 1975 மாடல் கார்களில் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் பரவலாக வந்தது. பின்னால் வந்த மூவழிக் கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்ய, பெட்ரோல் ஒரு பங்குக்குக் காற்று ஏறத்தாழ 14.7 பங்கு என்ற எடைக் கணக்கு பிசகக் கூடாது. கார்புரேட்டரால் தனியாக அது முடியாது. ஆக்சிஜன் சென்சார் வந்தது. அது சொல்வதைக் கேட்டு எரிபொருளை அளக்க ஒரு கம்ப்யூட்டரும் வந்தது.

கம்ப்யூட்டருக்குக் கோளாறு வந்தால் யாரிடம் சொல்லும்? 1980-களின் ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் ஒரு பேப்பர் கிளிப்பால் சாக்கெட்டின் இரண்டு முனைகளை இணைத்தால் 'செக் எஞ்சின்' விளக்கு கண் சிமிட்டும். ஒரு சிமிட்டல், சற்று இடைவெளி, இரண்டு சிமிட்டல் என்றால் குறியீடு 12. ஃபோர்டுக்கு வேறு முறை, கிரைஸ்லருக்கு வேறு முறை. 1988 மாடலிலிருந்து கலிஃபோர்னியா இந்தச் சுயபரிசோதனையைக் கட்டாயமாக்கியபோதும் பாஷை ஒன்றாகவில்லை.

1990-இல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. எல்லாக் கார்களிலும் சுயபரிசோதனை வேண்டும். அதோடு, பழுது பார்க்கத் தேவையான தகவல்களை வெளி மெக்கானிக்குகளுக்கும் தர வேண்டும். 1996 மாடலிலிருந்து அங்கே எல்லாக் கார்களிலும் ஓபிடி-2 வந்தது. 16 முனை கொண்ட ஒரே சாக்கெட், 'பி0' என்று தொடங்கும் பொதுக் குறியீடுகள். இந்தியாவில் பாரத் ஸ்டேஜ்-4 கார்களுக்கு 2010 ஏப்ரலில் ஓபிடி-1, 2013 ஏப்ரலில் ஓபிடி-2. தெருமுனை ஷெட்டில் இன்று ஸ்கேனர் கிடப்பதற்குக் காரணம் இந்த ஒரே பாஷைதான்.

சரி, விஷயத்துக்கு வருவோம். இந்த விளக்கு எதற்காக எரிகிறது? புகை அளவு, விதி அனுமதிப்பதைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கைத் தாண்டக்கூடும் என்றால் எரிய வேண்டும் என்பதுதான் ஓபிடி-2 விதியின் மையம். பல கோளாறுகள் இரண்டு ஓட்டங்களில் தொடர்ந்து தெரிந்தால்தான் விளக்கே எரியும். ஆக, வண்டி நடுரோட்டில் நிற்குமா என்பது அதன் முதல் கவலையே இல்லை. டேங்குக்குள் ஃப்யூவல் பம்ப் தளர்ந்து வண்டி நின்றால், எரிபொருள் அழுத்தத்தை அளக்கும் சென்சார் இல்லாத கார்களில் ஒரு குறியீடும் வராமல் போகலாம். கேஜ் வைத்து அழுத்தத்தைப் பார்த்தால்தான் உண்டு.

இன்னொன்று. பி0335-க்கு அதிகாரபூர்வ விளக்கம் 'கிராங்க்ஷாஃப்ட் பொசிஷன் சென்சார் சர்க்யூட்'. சென்சார் கெட்டுவிட்டது என்று அது சொல்லவே இல்லை. அந்தப் பாதையில் எங்கோ கோளாறு என்கிறது. பாதை என்றால் சென்சார், கனெக்டர், ஒயர், கம்ப்யூட்டர் எல்லாம் சேர்த்துத்தான். நாங்கள் கடைசி வார்த்தையைப் படிக்காமல் விட்டுவிட்டோம்.

இரண்டாவது தடவை மெக்கானிக் நிதானமாகப் பார்த்தார். ஸ்கேனரில் நேரடித் தகவலை ஓடவிட்டார். எஞ்சின் தானாக அணையும்போது ஆர்பிஎம் இறங்கி இறங்கித்தான் பூஜ்யத்துக்கு வரும். எங்கள் காரில் ஒரே நொடியில் பூஜ்யம். சிக்னல்தான் முதலில் அறுபடுகிறது. அடுத்து, எஞ்சின் ஐடிலில் ஓட, ஒயர்களை ஒவ்வொன்றாக மெல்ல அசைத்துப் பார்த்தார். கனெக்டர் பக்கத்தில் கை பட்டதும் எஞ்சின் நின்றது. ஒயரின் உறை வெந்து வெடித்து, உள்ளே செம்புக் கம்பி பாதி அறுந்திருந்தது. சூடேறினால் தொடர்பு விடும், ஆறினால் சேரும்.

அரையடி ஒயரில் முடிந்தது வேலை. கழற்றிய பழைய சென்சார் நல்லாத்தான் இருக்கிறது, டேஷ்போர்டு டிராயருக்குள்.