முதல் இயந்திர வாள்: பழையதை வாங்கப் போகிறவர்கள் பார்க்க வேண்டியவை

2022இல் எரிவாயு சிலிண்டருக்கு நீண்ட வரிசைகள் நின்ற நாட்களில், நாட்டின் நகரங்களும் விறகடுப்புக்குத் திரும்பின. கிளிநொச்சி, முல்லைத்தீவுக் கிராமங்களில் பல வீடுகள் விறகடுப்பை விட்டுப் போனதே இல்லை. வெதுப்பகங்களும் சாப்பாட்டுக் கடைகளும் விறகு வாங்குகின்றன. கையில் சிறு தொகை சேர்ந்ததும், “ஒரு மெசின் வாங்கினால் விறகு அரிந்து விற்றுப் பிழைக்கலாம்” என்று பலர் யோசிப்பதற்கு இதுதான் காரணம். ரூபாயின் பெறுமதி விழுந்த பிறகு புதிய வாள் எட்டாத விலைக்குப் போய்விட்டது. மிஞ்சுவது பழையது.

வாழ்வாதாரம் பற்றிய செய்திகளுக்காகப் போன வீடுகளில், வாங்கிச் சில மாதங்களிலேயே பழுதாகிப் பத்தியில் கிடக்கும் இயந்திர வாள்களை நான் பலமுறை கண்டிருக்கிறேன். சில நகை அடகு வைத்து வாங்கப்பட்டவை. சில நுண்கடனில் வந்தவை. வாள் ஓய்ந்த பிறகும் தவணை ஓயவில்லை. பெரும்பாலானவற்றை வாங்கியவர்கள் சத்தத்தையும் உருவத்தையும் மட்டுமே பார்த்திருந்தார்கள்.

பழைய வாளைப் பார்க்க ஓர் ஒழுங்கு இருக்கிறது. முதலில் பத்திரம், அடுத்தது பிரேக், பிறகு எஞ்சின், கடைசியாகச் செயின். முதல் இரண்டில் ஒன்று இல்லையென்றால் மற்றவற்றைப் பார்க்கத் தேவையே இல்லை.

வாங்கத்தான் வேண்டுமா?

ஒரு வீட்டு அடுப்புக்கு மட்டும் விறகு வேண்டுமென்றால் வாள் வாங்குவது நட்டம். வாள் வைத்திருப்பவரை வருடத்தில் ஓரிரு நாள் கூலிக்குப் பிடித்தால் போதும். மிச்சத்தைக் கோடரி பார்த்துக்கொள்ளும். தொழிலாகச் செய்யப் போகிறவருக்கும், நான்கைந்து வீடுகள் சேர்ந்து வாங்கப் போகிறவர்களுக்கும்தான் இந்தச் செலவு பொருந்தும். வாங்கும் விலையோடு உதிரிச் செயின், அரம், பிளக், கலவை ஒயில், கையுறை, கண்ணாடி, சப்பாத்து எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். வாளுக்கே முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டால், மழுங்கிய செயினோடும் செருப்புக் காலோடும்தான் வேலை தொடங்கும்.

பத்திரம்

இலங்கையில் இயந்திர வாள் மண்வெட்டியைப் போன்ற கருவி அல்ல. 2019 தொடக்கத்தில், நாட்டிலுள்ள எல்லா இயந்திர வாள்களையும் பொலிஸ் நிலையங்களில் பதிவு செய்யும்படி அரசாங்கம் அறிவித்தது. ஆகவே விற்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி பதிவைப் பற்றியது. பதிவுப் பத்திரத்தில் உள்ள தொடர் இலக்கமும் வாளின் உடலில் பொறித்த இலக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். இலக்கம் அரத்தால் தேய்க்கப்பட்டிருந்தால் விலை எவ்வளவு மலிவானாலும் திரும்பி வாருங்கள். உரிமையை உங்கள் பெயருக்கு மாற்ற என்ன தேவை என்பதை, பணம் கொடுக்க முன்னரே உங்கள் பொலிஸ் நிலையத்திலும் வனவளத் திணைக்கள அலுவலகத்திலும் கேளுங்கள். விற்பவரின் அடையாள அட்டை இலக்கத்தோடு கையெழுத்திட்ட பற்றுச்சீட்டும் வேண்டும்.

மரத்துக்கும் சட்டம் உண்டு. பலா, ஈரப்பலா, பெண் பனை ஆகியவை உங்கள் சொந்த வளவில் நின்றாலும் அனுமதி இல்லாமல் தறிக்க முடியாது. 1951ஆம் ஆண்டின் மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டம் அவற்றைப் பாதுகாக்கிறது. ஒதுக்கப்பட்ட காட்டுக்குள் வெட்டிப் பிடிபட்டு, குற்றம் நிரூபிக்கப்பட்டால், மரத்தோடு வாளும் வாகனமும் பறிமுதலாகலாம். மீள்குடியேறிய பலருக்கு இதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. இடப்பெயர்வுக்கு முன் பயிர் செய்த காணி, திரும்பி வந்தபோது பற்றை மூடி, வனவளத் திணைக்களத்தின் எல்லைக் கல்லுக்கு உள்ளே போயிருக்கிறது. “இது எங்கட காணி” என்ற நம்பிக்கை மட்டும் அங்கே வாளைக் காப்பாற்றாது. பிரதேச செயலகத்தில் உறுதி செய்த பிறகே கை வையுங்கள்.

அளவு

முதல் வாளுக்கு 35 முதல் 50 சிசி வரையான எஞ்சினும் 14 முதல் 18 அங்குல பாரும் போதும். விறகுக்கு வரும் கிளைகளும் நடுத்தர அடிமரங்களும் இதற்குள் அடங்கும். ஸ்டில் 070 போன்ற, 100 சிசியைத் தாண்டிய வாள்கள் பெரிய அடிமரத்தைப் பலகையாக அரிபவர்களுக்கானவை. 10 கிலோவைத் தாண்டும் பாரம், விறகு அரியும் கைகளை மத்தியானத்துக்கு முன்னரே களைக்க வைக்கும். களைத்த கையில்தான் வாள் தவறும். பழைய 070களில் செயின் பிரேக்கும் இருப்பதில்லை.

பெரிய நிறுவனங்களின் நிறத்தையும் பெயரையும் பூசிக்கொண்ட போலி வாள்களும் சந்தையில் உண்டு. பெயரைப் பார்ப்பதைவிட, உங்கள் ஊருக்குக் கிட்டிய உதிரிப்பாகக் கடையில் அந்த மொடலுக்குரிய பிஸ்டன், கார்பரேட்டர், கிளச் கிடைக்குமா என்று கேட்பது பயன் தரும். பாகம் கிடைக்காத நல்ல வாளைவிட, பாகம் கிடைக்கும் சுமாரான வாள் மேல்.

பிரேக்

பாரின் நுனியின் மேல்பாதி மரத்தில் பட்டால், வாள் ஒரு நொடிக்குள் முகத்தை நோக்கித் திருப்பி அடிக்கும். அதை நிறுத்துவதற்காக முன் கைப்பிடிக்கு முன்னால் ஒரு தடுப்பு மட்டை இருக்கிறது. எஞ்சினை நிறுத்தி, மட்டையை முன்னே தள்ளிவிட்டு, கையுறையோடு செயினை இழுத்துப் பாருங்கள். அசையக் கூடாது. பின்னே இழுத்ததும் செயின் ஓட வேண்டும். பிறகு எஞ்சின் ஓடும்போது, இரு கைகளாலும் பிடித்தபடி, இடது மணிக்கட்டால் மட்டையைத் தள்ளினால் செயின் உடனே நிற்க வேண்டும். மட்டை உடைந்து, கம்பியால் கட்டியிருந்தாலோ கழற்றியிருந்தாலோ அந்த வாளை வாங்க வேண்டாம்.

இன்னும் நான்கைப் பாருங்கள். பின் கைப்பிடியின் மேலுள்ள நெம்பை அழுத்தாமல் விசை இயங்கக் கூடாது. நிறுத்தும் சுவிட்ச் ஒரே தடவையில் நிறுத்த வேண்டும். அறுந்த செயினைப் பிடிக்கப் பாரின் அடியில் உள்ள சிறு கொளுவி இருக்க வேண்டும். கைப்பிடிக்கும் எஞ்சினுக்கும் இடையிலான ரப்பர்கள் வெடித்திருக்கக் கூடாது. அவை போனால் அதிர்வு முழுவதும் கைக்கு வரும். செல் துண்டு இன்னும் கையிலோ தோளிலோ உள்ளவர்களுக்கு அந்த அதிர்வு பெரிய வேதனை.

எஞ்சின்

வாளைப் பார்க்கப் போனதும் சைலன்சர் பக்கம் கையைக் கிட்டக் கொண்டுபோங்கள். சூடாக இருந்தால், நீங்கள் வர முன்னரே ஓட்டி வைத்திருக்கிறார்கள். ஆறும்வரை இருந்து, குளிர்ந்த நிலையில் நீங்களே கயிற்றை இழுங்கள். சில இழுப்பில் பிடிக்க வேண்டும்.

சுவிட்சை நிறுத்தி வைத்து, ஸ்டார்ட் கயிற்றின் பிடியில் வாளைத் தொங்கவிட்டும் பார்க்கலாம். கொம்பிரசன் உள்ள வாள் தடங்கித் தடங்கி மெதுவாக இறங்கும். சளாரென்று விழுந்தால் உள்ளே தேய்ந்திருக்கிறது. இலகுவாக ஸ்டார்ட் ஆகும் அமைப்புள்ள மொடல்களுக்கு இந்தச் சோதனை பொருந்தாது. கராச்சில் மானி இருந்தால் அதுவே நல்லது. 150 பி.எஸ்.ஐ. அளவில் காட்டினால் நிம்மதி. 110க்குக் கீழே என்றால் விட்டுவிடுங்கள்.

அதைவிட உறுதியான சோதனை சைலன்சரைக் கழற்றுவது. சில ஆணிகள்தான். துவாரத்தின் வழியாக ரோர்ச் அடித்தால் பிஸ்டனின் பக்கம் தெரியும். வழுவழுப்பாக இருந்தால் நல்லது. மேலும் கீழுமாக ஆழமான கீறல்கள் இருந்தால், ஒயில் போதாமல் ஓடிய வாள் அது. சைலன்சரைக் கழற்ற விடாதவரிடம் வாங்காதீர்கள்.

விற்பவரிடம் ஒரு லீற்றர் பெற்றோலுக்கு எவ்வளவு 2ரி ஒயில் கலப்பீர்கள் என்று சாதாரணமாகக் கேளுங்கள். 50க்கு 1 கேட்கும் எஞ்சினுக்கு 20 மில்லிலீற்றர். பல சீன வாள்கள் 25க்கு 1 கேட்கும்; அதற்கு 40 மில்லிலீற்றர். “ஒரு மூடி ஊத்துவம்” என்பது பதில் என்றால் பிஸ்டனை இன்னொருமுறை பாருங்கள்.

ஓடும்போது விசையை விட்டால் செயின் நிற்க வேண்டும். நிற்காமல் ஊர்ந்தால் கிளச் ஸ்பிரிங் போயிருக்கலாம். அல்லது எஞ்சின் அணைந்துவிடுவதை மறைக்க வேகத்தைக் கூட்டி வைத்திருக்கலாம். வாளை இரு பக்கமும் சரித்துப் பாருங்கள். சரிக்கும்போது எஞ்சின் வேகம் ஏறி இறங்கினால் எங்கோ காற்று இழுக்கிறது. பத்து நிமிடம் மரம் அரிந்து, நிறுத்தி, சூட்டோடு மறுபடி இழுங்கள். சூட்டில் பிடிக்காத வாளோடு கூலி வேலைக்குப் போக முடியாது.

செயினும் பாரும்

அரியும்போது சீவல் சீவலாக விழுந்தால் செயின் கூர். மா போல விழுந்தால் மழுங்கல். அது பெரிய குறையல்ல, தீட்டலாம். வெட்டும் பல்லில் 4 மில்லிமீற்றர் நீளமாவது மிஞ்சியிருக்க வேண்டும். பாரின் இரு விளிம்பும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். பாரின் நுனியை ஒரு வெட்டிய அடிமரத்துக்கு மேலே தொடாமல் பிடித்து, செயினை ஓடவிட்டால் ஒயில் கோடு விழ வேண்டும். விழாவிட்டால் ஒயில் பம்பையும் அதன் துவாரத்தையும் பாருங்கள். வாகனத்தில் கழித்த ஒயிலை ஊற்றிய வாள்களில் இது அடிக்கடி வரும் பழுது.

செயினும் பாரும் தேய்ந்து மாற்றும் பொருட்கள். அவை பழுது என்றால் விலையைக் குறைத்துக் கேட்கலாம். எஞ்சின் பழுதுக்கும் பிரேக் பழுதுக்கும் விலை பேச வேண்டாம்.

மரத்துக்குள் இருக்கும் இரும்பு

வாளோடு வரும் கையேடுகள் சொல்லாத விசயம் ஒன்று எங்கள் மண்ணில் இருக்கிறது. யுத்தம் நடந்த இடத்து மரங்களில் ரவையும் செல் துண்டும் இன்னும் இருக்கின்றன. உயர் பாதுகாப்பு வலயங்களாக இருந்து விடுபட்ட காணிகளில், எல்லை மரங்கள் முட்கம்பியையே விழுங்கி வளர்ந்திருக்கின்றன. ஓடும் செயின் இரும்பில் பட்டால் பற்கள் ஒரே தடவையில் போகும். செயின் அறுந்து எறியப்படவும் கூடும்.

மரம் நுனியில்தான் உயர்கிறது. அடிமரம் பருக்க மட்டும் செய்கிறது. 2009இல் நெஞ்சு உயரத்தில் பாய்ந்த துண்டு இன்றும் அதே உயரத்தில், ஆனால் பட்டைக்குச் சில அங்குலம் உள்ளே இருக்கும். பட்டையில் முடிச்சுப்போன்ற வீக்கம், மூடிய பழைய காயம், அரிந்த முகத்தில் நீலக் கறுப்பான கறை ஆகியவை அடையாளங்கள். பொறி பறந்தாலோ வாள் துள்ளினாலோ உடனே நிறுத்தி வேறு இடத்தில் அரியுங்கள். அந்தப் பகுதியை ஆளில்லாத இடத்தில் ஒதுக்கிவிடுங்கள். அடுப்புக்குக் கொண்டுபோக வேண்டாம். வெடிக்காத ரவை நெருப்பில் வெடிக்கலாம்.

மரத்தில் செருகியோ வேரடியிலோ அடையாளம் தெரியாத பொருள் எதைக் கண்டாலும் தொடாதீர்கள், தட்டாதீர்கள், காந்தம் பிடிக்காதீர்கள். வந்த வழியே திரும்பி 119க்கோ கிராம அலுவலருக்கோ அறிவியுங்கள். கண்ணிவெடி அபாயப் பலகை உள்ள பகுதிக்குள், விழுந்த மரம் எவ்வளவு நல்ல விறகானாலும் போகக் கூடாது.

உடம்பு

சாரத்தோடு வாள் பிடிக்க வேண்டாம். தொங்கும் துணியைச் செயின் இழுத்துக்கொள்ளும். இறுக்கமான தடித்த காற்சட்டை, மூடிய சப்பாத்து, கண்ணாடி, காதடைப்பு ஆகியவை குறைந்தபட்சம். குண்டுச் சத்தத்தில் ஏற்கெனவே காது பாதிக்கப்பட்டவர்கள் காதடைப்பைத் தவிர்க்கவே கூடாது. செயற்கைக் காலோடு வேலை செய்பவர்கள் சரிவிலும் விழுந்த கிளைகளுக்கு நடுவிலும் நிற்பதைத் தவிர்த்து, கவை நாட்டிய தாங்கியில் மரத்தை இடுப்பு உயரத்துக்கு வைத்து அரியலாம். இந்தக் கருவிக்கு இரண்டு கைப்பிடியும் இரண்டு கைகளாலும் பிடிக்கப்பட வேண்டும். ஒரு கை இழந்தவர்கள் இதை ஓட்டக் கூடாது. வாளின் உரிமையாளராக இருந்து, ஓட்டுபவரைக் கூலிக்கு வைக்கலாம்.

தலையில்லாத பட்ட பனைகளை முதல் வருடத்தில் தொடவே வேண்டாம். அவை எந்தப் பக்கம் விழும் என்று அனுபவசாலிகளாலும் சொல்ல முடியாது. விழுந்து கிடக்கும் மரத்தை அரிந்து கை பழகட்டும்.

வாங்கப் போகும் நாளில் வாள் திருத்தும் ஒருவரைக் கூட்டிப் போங்கள். அவருக்குக் கொடுக்கும் அரைநாள் கூலி வீண் செலவல்ல. முற்பணம் கொடுத்துவிட்டுப் பார்க்கப் போகாதீர்கள். விற்பவர் அவசரப்படுத்தினால், அடுத்த வாள் வரும்வரை கோடரியோடு இருக்கலாம். கோடரிக்குத் தவணை இல்லை.